அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் மெரிட் ஸ்காலர்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்த கையோடு இளநிலைப் பட்டப்படிப்புக்கு அமெரிக்கா செல்ல விரும்பும் மாணவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் எழுதியது இது. எம்.எஸ்., பிஎச்.டி. படிப்புகளுக்கான உதவித்தொகை முற்றிலும் வேறு வழியில் நடப்பது. அது இங்கே இல்லை.

மெரிட் ஸ்காலர்ஷிப்பும் ஏழை மாணவர்களுக்குத் தரும் உதவியும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு. குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்து, உங்களால் கட்ட முடியாத தொகையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது தேவை அடிப்படையிலான உதவி. அதற்கு வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும்; அப்பாவின் சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, வீடு, நிலம் எல்லாம் அதில் வரும். மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானம் கேட்கமாட்டார்கள். மாணவரின் படிப்பு, திறமை, இதுவரை செய்தவை ஆகியவற்றுக்காகவே அது கிடைக்கிறது.

எந்தப் பணத்தைக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நல்ல மாணவர்கள் பலர் மெரிட் ஸ்காலர்ஷிப்பே தராத இடத்தில் அதை எதிர்பார்த்துக் காத்திருந்து ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்க எத்தனை மார்க் வேண்டும்?

ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப்பே கிடையாது. யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டிலும் இதே நிலைதான். எம்ஐடி, கால்டெக் ஆகியவற்றிலும் தேவை அடிப்படையில் மட்டும்தான் உதவி. ஸ்டான்ஃபோர்டில் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு, படிப்புக்காக இல்லை. அங்கே சேர்பவர்கள் எல்லோருமே முதல் மாணவர்கள் என்பதால், அவர்களுக்குள் யாருக்குப் பரிசு என்று பிரிப்பதை இந்த நிறுவனங்கள் விரும்புவதில்லை.

அடுத்த வட்டத்தில் இருக்கும், கடும் போட்டியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில்தான் பெரிய மெரிட் ஸ்காலர்ஷிப்கள் இருக்கின்றன. நாஷ்வில் நகரத்தின் வாண்டர்பில்ட், அட்லாண்டாவின் எமரி, வட கரோலினாவின் டியூக், லாஸ் ஏஞ்சலஸின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் (சுருக்கமாக யுஎஸ்சி), பாஸ்டன் பல்கலைக்கழகம், வர்ஜீனியாவில் வாஷிங்டன் அண்ட் லீ என்ற சிறிய கல்லூரி ஆகியவை சில உதாரணங்கள். மற்றவர்கள் கையில் இருக்கும் நல்ல மாணவரைத் தம் பக்கம் இழுக்கவே இவர்கள் இந்தப் பணத்தைச் செலவிடுகிறார்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதை யோசிக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

கடைசித் தேதி எப்போது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மார்க் குறைந்து ஸ்காலர்ஷிப்பை இழப்பவர்களைவிடத் தேதியைத் தவறவிட்டு இழப்பவர்கள்தான் அதிகம் என்று துணிந்து சொல்லலாம். ஒரே பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக்கு ஒரு கடைசித் தேதியும் ஸ்காலர்ஷிப்புக்கு அதைவிட முந்தைய ஒரு தேதியும் இருக்கும். சேர்க்கைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. இரண்டாவது எங்கோ உள்ளே இருக்கும்.

வாண்டர்பில்ட்டில் வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி 1 வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் அதன் முழுக் கல்விக் கட்டண ஸ்காலர்ஷிப்களுக்கான விண்ணப்பம் பல ஆண்டுகளாக டிசம்பர் 1 அன்றே மூடிவிடுகிறது. வாஷிங்டன் அண்ட் லீயின் ஜான்சன் ஸ்காலர்ஷிப்புக்கும் டிசம்பர் 1. பாஸ்டனின் டிரஸ்டி, பிரெசிடென்ஷியல் ஸ்காலர்ஷிப்களுக்கு டிசம்பர் தொடக்கம். அங்கேயும் வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. எமரியில் நவம்பர் 15. யுஎஸ்சியில் சமீப ஆண்டுகளில் நவம்பர் 1க்குள் முன்கூட்டிய விண்ணப்பம் போட்டவர்களைத்தான் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்குப் பார்க்கிறார்கள். ஜனவரியில் அங்கே விண்ணப்பிப்பவருக்கு இடம் கிடைத்தாலும் அந்தப் பணத்துக்கு வழியில்லை.

இவை ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாள் நகரும், சில சமயம் ஒரு மாதமே நகரும். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்ஷிப் பக்கத்தையும் திறந்து தேதியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் என்ற இணையதளம் வழியாகப் போகும் விண்ணப்பத்துக்குப் பொதுவாக மாணவர் இருக்கும் ஊரின் நேரப்படி இரவு 11.59 கணக்கு. பல்கலைக்கழகம் சொந்தமாக நடத்தும் தளத்தில் அவர்கள் ஊர் நேரம் இருக்கலாம். எப்படியானாலும் மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. விண்ணப்பம் போன பிறகுதான் பல தளங்களில் மாணவருக்கான கணக்கு திறக்கும். அந்தக் கணக்குக்குள்தான் ஸ்காலர்ஷிப் படிவம் இருக்கும். கடைசி இரவில் உட்கார்ந்தால் கணக்கு திறப்பதற்குள் தேதி போய்விடும்.

ஸ்காலர்ஷிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

மூன்று வகை உண்டு. டியூக்கின் ஏ.பி. டியூக் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பமே இல்லை. சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்களிலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயே கார்ஷ் சர்வதேச ஸ்காலர்ஷிப்புக்கு, தேவை அடிப்படை உதவி கேட்ட வெளிநாட்டு மாணவர்களிலிருந்து எடுக்கிறார்கள். ஆகவே உதவி வேண்டும் என்ற கட்டத்தில் குறி போடாதவர் தானாகவே வெளியே போய்விடுகிறார். இரண்டாவது வகையில் காமன் ஆப்பில் பல்கலைக்கழகத்துக்கான பகுதியில் ‘ஸ்காலர்ஷிப்புக்கும் பரிசீலிக்கவும்’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ என்று சொன்னால்தான் கூடுதல் கட்டுரைக்கான இடம் திறக்கும். எமரி இப்படி. மூன்றாவது முழுக்கத் தனி விண்ணப்பம். வாண்டர்பில்ட்டின் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட், இன்கிராம், சான்சலர்ஸ் ஆகிய மூன்றும், டியூக்கும் சாப்பல் ஹில்லின் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன் ஸ்காலர்ஷிப்பும் இந்த வகை.

வாண்டர்பில்ட்டின் மூன்றும் ஒரே அளவு பணம்தான்: முழுக் கல்விக் கட்டணமும், கோடையில் ஆய்வுக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ ஒரு தொகையும். ஆனால் தேடும் ஆள் வேறு. கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் படிப்பில் ஆழமும் அதற்கு வெளியே தலைமையும் உள்ளவருக்கு. இன்கிராம் சமூகப் பணியைத் தொழில் வாழ்க்கையோடு இணைக்க நினைப்பவருக்கு. சான்சலர்ஸ், பலதரப்பட்ட மக்களை ஒன்றுசேர்த்து உழைத்தவருக்கு. ஒரே கட்டுரையை மூன்றிலும் ஒட்டுவது தேர்வுக்குழுவுக்கு உடனே தெரிந்துவிடும்.

பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் இருந்தால் கிடைக்கும்?

இத்தனைக்கு மேல் என்ற கட்-ஆஃப் கிடையாது. பொறியியல் கலந்தாய்வு பார்த்துப் பழகிய நமக்கு இதை ஏற்பதுதான் கடினம். மார்க் உள்ளே விடும் வாசல் மட்டுமே. அந்த வாசலுக்குள் நிற்கும் எல்லோரிடமும் நல்ல மார்க் இருக்கும்.

9 முதல் 12 வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களையும் பார்க்கிறார்கள். பிளஸ் ஒன்னில் சறுக்கிப் பிளஸ் டூவில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது, ஏனென்றால் விண்ணப்பிக்கும்போது பிளஸ் டூ இறுதித் தேர்வே நடந்திருக்காது. அதுவரை நடந்த பள்ளித் தேர்வுகளின் மதிப்பெண்ணும் பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும்தான் போகும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, 100க்கான மதிப்பெண்ணை இணையத்தில் கிடைக்கும் கணக்கீட்டுக் கருவியில் போட்டு ஜிபிஏவாக, அதாவது 4க்கான சராசரி மதிப்பெண்ணாக, மாற்றி அனுப்புவது. மாற்றாதீர்கள், பள்ளி கொடுத்த வடிவத்திலேயே அனுப்புங்கள், மாற்றுவது அவர்கள் வேலை. மற்றொன்று, பள்ளியைப் பற்றிய குறிப்பை வெறுமையாக விடுவது. தமிழ்நாட்டில் 2017 முதல் மாநில ரேங்க் அறிவிப்பதில்லை. ஆகவே 94 சதவீதம் என்பது அந்தப் பள்ளியில் முதல் ஐந்து பேருக்குள்ளா, நடுவிலா என்று அமெரிக்காவில் படிப்பவருக்குத் தெரியாது. வகுப்பில் எத்தனை பேர், அந்தப் பாடத்தில் 90க்கு மேல் எத்தனை பேர் எடுத்தார்கள், பள்ளியில் என்னென்ன பாடப்பிரிவுகள் உண்டு என்பதை ஒரு பக்கத்தில் பள்ளியின் முத்திரையோடு எழுதி அனுப்பத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இது காசில்லாத வேலை, பலன் பெரிது.

சாட் தேர்வு கட்டாயமா?

சாட் (SAT) என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான ஒரு பொதுத் தேர்வு. சில இடங்களில் கட்டாயம், பல இடங்களில் விருப்பம். விருப்பம் என்று இருந்தாலும், நம் பாடத்திட்டத்திலிருந்து போகும் மாணவருக்கு நல்ல மதிப்பெண் ஒரு துணை. இந்த வட்டத்துப் பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப்பை நினைப்பவர் 1600க்கு 1500ஐத் தாண்டியிருந்தால் அனுப்பலாம். நவம்பர் 1 தேதிக்கு விண்ணப்பிப்பவர் ஆகஸ்ட் தேர்வோடு முடித்துக்கொள்வது பாதுகாப்பு.

கட்டுரையில் என்ன எழுதுவது?

காமன் ஆப்பின் முக்கியக் கட்டுரை 650 சொல்லுக்குள். அதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கேட்கும் சிறு கட்டுரைகள், ஸ்காலர்ஷிப்புக்கான தனிக் கட்டுரைகள். ஐந்து இடம் என்றால் பதினைந்து கட்டுரைகள் வரை சேர்ந்துவிடும். ஜூன் மாதமே தொடங்குங்கள்.

முக்கியக் கட்டுரையில் சொன்னதை ஸ்காலர்ஷிப் கட்டுரையில் திரும்பச் சொல்வது பெரிய வீண். இரண்டையும் ஒருவரே அடுத்தடுத்துப் படிக்கலாம். சேர்க்கைக் கட்டுரை நீங்கள் யார் என்று சொல்கிறது. ஸ்காலர்ஷிப் கட்டுரை அந்தப் பணத்தையும் வாய்ப்பையும் வைத்து அங்கே என்ன செய்வீர்கள் என்று காட்ட வேண்டும். ‘சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்’ என்ற வரி எல்லாருடைய கட்டுரையிலும் இருக்கும். பள்ளிக் கிணற்று நீரின் உப்பளவை ஆறு மாதம் அளந்து அட்டவணை போட்ட மாணவர், அதே வேலையை அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த ஆய்வுக்கூடத்தில் தொடரலாம் என்று பெயர் சொல்லி எழுதினால், அந்த ஒரு பத்தியே போதும்.

ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. வேறு யாரையாவது வைத்து எழுதினால் நேர்காணலில் குரல் மாறிப்போவது தெரிந்துவிடும். அது மாணவருக்கும் நல்லதில்லை.

பாட்டு, கராத்தே, என்எஸ்எஸ் எல்லாவற்றையும் போடலாமா?

காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள்தான். சொற்கள் அல்ல, இடைவெளியும் சேர்த்து எழுத்துகள். பத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கு ஆண்டு தொடர்ந்த இரண்டு வேலைகள், ஒரு நாள் கலந்துகொண்ட எட்டு முகாம்களைவிட எடை கூடியவை. விளக்கத்தில் எண் வரட்டும்: வாரம் எத்தனை மணி நேரம், எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், என்ன மாறியது.

வீட்டு வேலையும் இதில் வரும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, அப்பாவின் கடையில் மாலை உட்கார்ந்தது, வயலில் இறங்கியது எல்லாம் செயல்பாடுகளே. காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்புக்கு என்றே ஒரு பிரிவு உண்டு. நம் மாணவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் வாங்குவது?

பாடம் நடத்திய ஆசிரியரிடம், பிளஸ் ஒன் அல்லது பிளஸ் டூவில் உங்களை அறிந்தவரிடம். எம்எல்ஏ, மருத்துவர், அப்பாவின் மேலதிகாரி யாருடைய கடிதமும் பயன் தராது. ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்’ என்று மூன்று வரியில் முடிகிற கடிதம் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆசிரியர்களுக்கு இந்த வழக்கம் புதிது என்பதால், வகுப்பில் நீங்கள் கேட்ட கேள்வி, செய்த புராஜெக்ட், தவறித் திருத்திக்கொண்டது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் கொடுங்கள். கடிதத்தை அவர்தான் எழுத வேண்டும், அவர்தான் பதிவேற்ற வேண்டும்.

நேர்காணல் எப்படி இருக்கும்?

முதல் சுற்றில் தேர்வானவர்களுக்கு மட்டும், பெரும்பாலும் காணொளியில், ஜனவரி முதல் மார்ச் வரை. நேரத்தைக் கவனியுங்கள்: அந்த மாதங்களில் இந்தியா அமெரிக்கக் கிழக்குப் பகுதியைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால். அவர்களுக்கு மாலை 6 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு வித்தியாசம் ஒன்பதரை மணி. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் பிந்தி வந்து அமர்ந்து வாய்ப்பை இழப்பது உண்மையிலேயே நடக்கிறது.

கேள்விகள் பாடத்திலிருந்து வராது. விண்ணப்பத்தில் எழுதியதையே தோண்டுவார்கள்: ஏன் அதைச் செய்தீர்கள், எது சரியாக வரவில்லை, அடுத்து என்ன. மனப்பாடமாகப் பேசினால் இரண்டாவது துணைக்கேள்வியில் நின்றுவிடும்.

முழு ஸ்காலர்ஷிப் என்றால் எல்லாச் செலவும் போய்விடுமா?

அவர்கள் முழுக் கல்விக் கட்டணம் என்று சொன்னால் வகுப்புக்கான கட்டணம் மட்டும். விடுதி, உணவு, மருத்துவக் காப்பீடு, புத்தகம், விமானம் எல்லாம் வெளியே. இந்தப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இப்போது ஆண்டுக்கு 65 ஆயிரம் டாலருக்கு மேல் இருக்கிறது; மொத்தச் செலவு 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆகவே கல்விக் கட்டணம் முழுவதும் கிடைத்தாலும் ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலருக்கு மேல் குடும்பம் பார்க்க வேண்டியிருக்கும். வாஷிங்டன் அண்ட் லீயின் ஜான்சன் போன்ற சிலவற்றில் விடுதியும் உணவும் சேர்ந்தே வரும்.

யுஎஸ்சியில் டிரஸ்டி முழுக் கல்விக் கட்டணம், பிரெசிடென்ஷியல் பாதி, டீன்ஸ் கால்வாசி. அங்கே வெளிநாட்டு மாணவருக்குத் தேவை அடிப்படை உதவி கிடையாது என்பதால் மீதி அத்தனையும் குடும்பத்தின் பொறுப்பு.

சதவீதமாக வருகிறதா, நிலையான தொகையாக வருகிறதா என்பதையும் பாருங்கள். பாஸ்டனின் பிரெசிடென்ஷியல் ஆண்டுக்கு 25,000 டாலர். முதல் ஆண்டு கல்விக் கட்டணம் 68,000 என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 43,000. கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் நான்காம் ஆண்டில் அது ஏறத்தாழ 76,500. ஸ்காலர்ஷிப் அதே 25,000. நீங்கள் கட்டுவது 51,500. நான்கு ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள். வீட்டை அடகு வைத்து முதல் ஆண்டை ஓட்டிவிட்டு மூன்றாம் ஆண்டில் திணறுவது பெரிய துயரம்.

தேவை அடிப்படை உதவியையும் சேர்த்துக் கேட்டால் வாய்ப்பு குறையுமா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட், பௌடின் போன்ற சில இடங்களில்தான் அப்படிப் பாதிக்காது. ஆனாலும் குடும்பத்தால் கட்ட முடியாது என்றால் கேட்டே ஆக வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பல இடங்களில் நான்கு ஆண்டும் கேட்கவே முடியாது.

‘எர்லி டிசிஷன்’ போடலாமா?

இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர்வேன் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது அது. வேறு இடங்கள் தரும் தொகையை ஒப்பிட வழியிருக்காது. மெரிட் பணம் இல்லாமல் போக முடியாத குடும்பம் இதைத் தவிர்ப்பது நல்லது. ‘எர்லி ஆக்‌ஷன்’ வேறு. அதிலும் முன்கூட்டியே விண்ணப்பிப்பீர்கள், ஆனால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிடைத்த ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டும் தொடருமா?

நிபந்தனையோடு தொடரும். பெரும்பாலும் எட்டு செமஸ்டர், முழுநேர மாணவராக இருப்பது, ஜிபிஏ 3.0 அளவில் காப்பது. பொறியியலும் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பும் எடுப்பவர்கள் முதல் செமஸ்டரில் கணிதமும் வேதியியலும் சேர்த்து எடுத்துத் தடுமாறுகிறார்கள். ஒரு பாடத்தைக் கைவிட்டால் முழுநேர மாணவருக்கான குறைந்தபட்சப் பாட அளவான 12 கிரெடிட்டுக்குக் கீழே போகுமா என்று முதலில் பாருங்கள். போனால் ஸ்காலர்ஷிப்போடு எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கும் ஆபத்து. ஜிபிஏ சரிந்தால் பல இடங்களில் ஒரு செமஸ்டர் அவகாசம் தருவார்கள். கடிதம் வரும்வரை காத்திராமல் ஆலோசகரை உடனே பாருங்கள்.

ஸ்காலர்ஷிப்புக்கு வரி உண்டா?

கல்விக் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் தரும் பகுதிக்கு உண்டு. எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு அந்தப் பகுதியில் 14 சதவீதத்தைப் பல்கலைக்கழகம் முன்பே பிடிக்கும். விடுதி, உணவுக்கு 18,000 டாலர் என்றால் பிடித்தம் 2,520. இதற்கு 1042-எஸ் என்ற படிவம் தருவார்கள். இந்திய மாணவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி அவர்கள் நிலையான கழிவை (வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) கோரலாம். 1040-என்ஆர் என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தில் அதைக் கோரினால் பிடித்த பணத்தில் பெரும்பகுதி திரும்ப வரக்கூடும். இலங்கை மாணவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டா?

உண்டு. அரசு உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவம் அவர்களுக்குத் திறந்திருக்கிறது. பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிசாட் (சாட்டுக்கு முந்தைய தேர்வு) மதிப்பெண்ணை வைத்து நேஷனல் மெரிட் என்ற ஸ்காலர்ஷிப் போட்டிக்கும் தகுதி பெறலாம். அதில் மொழிப் பகுதி மதிப்பெண்ணை இரட்டித்துக் கணித மதிப்பெண்ணோடு கூட்டிப் பத்தால் வகுப்பார்கள், அதிகபட்சம் 228. ஆகவே கணிதத்தில் மட்டும் வலுவாக இருப்பவர் மொழிப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. மெரிட் ஸ்காலர்ஷிப்பை முடிவு செய்வது பல்கலைக்கழகத்தின் குழு. இடையில் நின்று வாங்கித் தர யாருக்கும் அதிகாரம் இல்லை. நீங்கள் கட்டுவது விண்ணப்பக் கட்டணம் மட்டும், அதையும் பல்கலைக்கழகத்துக்கே நேராக. வசதியில்லாத மாணவர் அந்தக் கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம்.

கடிதம் வந்துவிட்டது. இனி என்ன?

ஏற்பதற்குப் பெரும்பாலும் மே 1 வரை நேரம். முன்பணம் கட்டும் முன் கடிதத்தில் மூன்றைத் தேடுங்கள்: எத்தனை செமஸ்டர், எந்த ஜிபிஏ, கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா. ஓராண்டு தள்ளிச் சேர நினைத்தால் ஸ்காலர்ஷிப்பும் தள்ளி வருமா என்று எழுத்தில் கேளுங்கள். இடம் காத்திருக்கும், பணம் காத்திருக்காது என்பது பல இடங்களின் விதி.

பிறகு ஐ-20, அதாவது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்றுப் படிவம். முதல் ஆண்டுச் செலவில் ஸ்காலர்ஷிப் போக மீதித் தொகைக்கு வங்கி இருப்போ கல்விக் கடன் ஒப்புதலோ காட்ட வேண்டும். விசா நேர்காணலுக்கு ஸ்காலர்ஷிப் கடிதத்தின் நகலை எடுத்துச் செல்லுங்கள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வரும். அந்த இறுதி மதிப்பெண் சான்று பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். எதிர்பார்ப்பு மதிப்பெண்ணிலிருந்து கொஞ்சம் குறைந்தால் பிரச்சினையில்லை. பெரிதாகச் சரிந்தால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே காரணத்தை எழுதி அனுப்புங்கள். உடல்நலக் குறைவு என்றால் மருத்துவச் சான்றையும் இணையுங்கள்.